நல்ல காலம் பொறந்தாச்சாம்!

"நல்ல காலம் பொறக்குது"ன்னு குடுகுடுப்பைக்காரர் சொன்னா கேட்டுட்டு அரிசி போடுவோம். அதையே ஒரு அரசாங்கம் காசுல அடிச்சு விட்டா? ரோமானியப் பேரரசில் அது நடந்திருக்கு மக்களே.

கி.பி. 348 வாக்கில், அண்ணன் தம்பிகளான இரண்டாம் கான்ஸ்டான்டியஸும் கான்ஸ்டன்ஸும் புதுசா வெண்கலக் காசு வெளியிட்டாங்க. ஒரு பக்கம் பேரரசர் முகம். மறுபக்கம் 'ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ' என்ற லத்தீன் வாசகம். 'நல்ல காலம் திரும்பி வந்தாச்சு'ன்னு அர்த்தம். சில காசுகளில் செத்தும் பிழைக்கிற ஃபீனிக்ஸ் பறவை. ஆனா ரொம்பப் பரவினது இன்னொரு படம்: குதிரையிலிருந்து சரியும் எதிரியை ரோமானியச் சிப்பாய் ஈட்டியால் குத்துறான். எழுத்து தெரியாதவனுக்கும் புரிஞ்சிடும்.

இதைப் பார்த்து "ஆஹா, ரோமானியர் வீரம்!"னு சிலாகிக்கிறவங்க உண்டு. என்னைக் கேட்டா இது சுத்தமான விளம்பரம்.

ஏன்னு சொல்றேன். படத்தில் அடிவாங்குறவன் வெளியாள். நிஜத்தில் 350-ல் கான்ஸ்டன்ஸ் கொல்லப்பட்டது சொந்தத் தளபதி மேக்னென்டியஸ் செய்த கலகத்தில். 351-ல், இன்றைய குரோஷியாவில் உள்ள மூர்சாவில், ரோமானியப் படைகளே ஒன்றோடொன்று மோதி ஆயிரக்கணக்கில் செத்தாங்க. காசிலோ வெளிநாட்டுக் குதிரைக்காரன்தான் விழுந்துகிட்டே இருந்தான்!

காசும் இளைச்சுப் போச்சு. முதலில் வந்த பெரிய காசு சுமார் 5 கிராம். சில வருஷத்தில் அதில் பாதிதான். கலந்திருந்த கொஞ்சூண்டு வெள்ளியும் குறைஞ்சது. வாசகம் மட்டும் அதேதான். 350களின் பிற்பகுதியில் அதையும் மாத்தி, இன்னும் சின்னக் காசில் 'நாட்டின் நம்பிக்கை'ன்னு பொறிச்சாங்க. 'வந்தாச்சு' போய் 'நம்புங்க' ஆயிடுச்சு :-) 359-ல் பாரசீக மன்னர் இரண்டாம் ஷாபூர், ரோமானியரின் எல்லைக் கோட்டையான அமிதாவைப் பிடிச்சார்.

'எல்லாப் பிரச்சினையும் சரிசெய்யப்பட்டது'ன்னு ரிலீஸ் நோட்ஸ் எழுதிச் சம்பளம் வாங்குறவன் நான். எழுதினதுக்கும் உள்ளே ஓடுறதுக்கும் எவ்வளவு தூரம்னு எனக்குத் தெரியாதா?

அதுக்காகப் படத்தை ரசிக்க வேணாம்னு சொல்லலை. அதை வரலாறுன்னு எடுத்துக்கறதுக்கு முன்னாடி காசைத் தராசில் ஒருமுறை வெச்சுப் பாருங்க. படத்தில் இருக்கிறது ராஜா சொல்ல ஆசைப்பட்டது. எடையில் தெரியறது அவர் கஜானா நிலவரம்.