மேரி மேரியாகவே இருந்திருந்தால்?

1955ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மிஸ்ஸியம்மா’ திரைப்படம் இன்றும் நம்மிற் பலருக்கு இனிய நினைவு. வேலையற்ற இந்து இளைஞன் பாலுவும் கிறித்தவப் பெண் மேரியும், ஆசிரியப் பதவி தம்பதியர்க்கே உரியது என்றறிந்து, கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். நடிப்பே காதலாகிறது. எல். வி. பிரசாத் இயக்கிய இந்நகைச்சுவைக் கதையில் அவர்களுக்குத் தூது செல்வது இசை. பள்ளி நடத்துபவர் வீட்டுப் பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதிலேயே ஊடலும் மூளுகிறது. ராஜேஸ்வர ராவின் மெட்டுகளோ கேட்டார் நெஞ்சை விட்டு அகலாதவை.

ஆனால் முடிவு? மேரி, சிறு வயதிற் காணாமற்போன அவ்வீட்டு மகள் மகாலட்சுமி என்று தெரிய வருகிறது. சிக்கல் தீர்ந்ததென அரங்கம் மகிழ்கிறது. என்னால் அவ்வாறு மகிழ இயலவில்லை. சிக்கல் தீர்க்கப்படவில்லை, இல்லாமலே ஆக்கப்பட்டது. மேரியை மேரியாகவே நேசிக்கப் பழக்கிய கதை, இறுதியில் அவள் பெயரையே மாற்றிவிடுகிறது.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்கு இது வெறும் திரைப்பட வினா அன்று. 1638இல் போர்த்துக்கேயர் இங்குள்ள கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர் வழிவந்த பறங்கியரோ நம் அயலவராயினர். தச்சும் கொல்லும் தையலும் அவர்தம் தொழில்கள். முதியோர் நாவில் போர்த்துக்கேயக் கலப்புமொழி இன்னும் வழங்குகிறது; ஊருடன் பேசுவது தமிழில். அவர்கள் கலியாண வீடுகளில் வயலினும் மண்டலினும் றபானும் கூடி எழும் கஃப்ரிஞ்ஞா இசை, பைலாவுக்கு மூலமாகி இலங்கை முழுதும் பரவிற்று. கூத்துக்களரியில் மத்தளம் அதிரும் மண்ணும் இதுவே.

காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் மேனாட்டு விஞ்ஞானக் கல்வியின் துணைகொண்டே பழந்தமிழ் யாழை ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். அதனால் அவர் தமிழில் ஏதும் குறைந்ததா?

ஆதலின் இளம் எழுத்தாளர்களிடம் ஒன்று கேட்பேன். அண்ணாவியார் மகனும் வயலின் வாசிக்கும் பறங்கிப் பெண்ணும் காதலிக்கும் நகைச்சுவைக் கதை ஒன்றை எழுதுங்கள். தாளம் பிசகட்டும், தாய்மாமன் சினக்கட்டும், வயிறு குலுங்கச் சிரிப்போம். ஆனால் கடைசிப் பக்கத்தில் அவளைத் தொலைந்துபோன தமிழ்ப் பெண்ணாக்கிவிடாதீர்கள். மத்தளமும் வயலினும் சுருதி சேர, ஒன்று மற்றொன்றாக மாறவேண்டியதில்லை அன்றோ?