கூடத்திலே கோல்ப்!

பெங்களூரில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, 5 வயதுப் பெண். ஒரு நாள் காலைப் பலகாரம் சாப்பிட ஓட்டலுக்குப் போனார்கள். அங்கிருந்து பார்த்தால் கோல்ப் மைதானம் தெரியும். பச்சைப் பசேல் என்ற புல்வெளி. சிலர் பந்து அடித்துக் கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த குழந்தைக்கு ஆசை வந்துவிட்டது.

அப்பாவுக்குக் கோல்ப் ஆடிப் பழக்கம் இல்லை. அம்மாவுக்கும் இல்லை. ஆனாலும், "பேசாமல் சாப்பிடு!" என்று அவர்கள் அதட்டவில்லை. குழந்தையை அழைத்துப் போய்ப் பந்தை உருட்ட விட்டார்கள்.

அந்தப் பெண்தான் அதிதி அசோக். டோக்கியோ ஒலிம்பிக் பந்தயம் 2021-ல் நடந்தபோது, அவர் 4-வது இடத்தைப் பிடித்தார். ஓர் அடி குறைத்து அடித்திருந்தால் பதக்கத்துக்கான பலப்பரீட்சையில் இறங்கியிருப்பார்! அன்று அவருடைய மட்டைப் பையைச் சுமந்து கொண்டு உடன் நடந்தவர் யார் தெரியுமா? பெற்ற தாய். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் பை சுமந்தவர் தந்தை.

எல்லாப் பிள்ளைகளும் அதிதி ஆகிவிடுமா? ஆகாது. ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் கோல்ப் என்றதும், "அது பணக்காரர் விளையாட்டு. நமக்கு எதற்கு?" என்று ஒதுங்கிவிடுகிறோமே, அது சரியா? மைதானத்துக்குப் பணம் வேண்டும், உண்மைதான். ஆரம்பப் பாடத்துக்கு மைதானமே வேண்டாம். வீட்டுக் கூடம் போதும்.

பாதி ஆட்டம் உருட்டல்

கோல்ப் என்றால் பந்தை வானத்தில் பறக்க விடுவது என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மைதானத்தில் 18 குழிகள். நல்ல ஆட்டக்காரருக்குப் பொதுவாக 72 அடி என்று கணக்கு. அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடி, பந்தைத் தரையில் உருட்டிக் குழியில் தள்ளுவதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சரிபாதி!

ஆகவே குழியில் இருந்துதான் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

கூடத்தில் ஒரு ஜமக்காளத்தை விரிக்க வேண்டும். ஒரு முனையில் டம்ளரைப் படுக்க வைக்க வேண்டும். அதுதான் குழி. உண்மையான குழியின் அகலம் 108 மில்லி மீட்டர். டம்ளரின் வாய் அதைவிடச் சிறியது. டம்ளரில் பழகிய பிள்ளைக்கு மைதானத்துக் குழி அண்டா மாதிரி தெரியும்!

முதலில் இரண்டடி தூரம் போதும். ஜமக்காளத்தில் இருக்கும் கோடு வழிகாட்டி. பந்து அந்தக் கோட்டின் மேலேயே ஓட வேண்டும். பத்துக்கு எட்டு விழுந்தால், நாலடி தள்ளி நிற்கலாம்.

வலது கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு இடது கை மேலே, வலது கை கீழே. பிடி எப்படி இருக்க வேண்டும்? கோழிக் குஞ்சைப் பிடிப்பது போல. இறுக்கினால் குஞ்சு செத்துவிடும். விட்டால் ஓடிவிடும். மணிக்கட்டை மடக்கக் கூடாது. சுவர்க் கடிகாரத்தின் ஊசலைப் போல இரண்டு கைகளும் சேர்ந்து ஆட வேண்டும். கண் பந்தின் மேலேயே இருக்க வேண்டும். பந்து போன பிறகும் தலை ஆடக் கூடாது. இந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டம். பெரியவர்களுக்கே வராது!

மட்டை ஒன்று போதும். சட்டப்படி 14 வரை வைத்துக் கொள்ளலாம் என்பது போட்டிக்குப் போகிறவர்களுக்கு. அப்பாவின் மட்டையைப் பாதியாக அறுத்துக் கொடுப்பார்கள் சிலர். நீளம் குறையும், தலைக்கனம் குறையாது. பிஞ்சுக் கைக்கு இலேசான மட்டையே நல்லது.

ஆபத்து!

கோல்ப் பந்தின் எடை 46 கிராமுக்குள்தான். ஆனால் கல் போலக் கெட்டி. கூடத்தில் அதை உருட்டலாம். ஓங்கி அடிக்கக் கூடாது. ஓங்கி அடிக்க, துளை போட்ட பிளாஸ்டிக் பந்து இருக்கிறது. அமெரிக்காவில் பப்பா வாட்சன் என்பவர் சிறுவனாக இருந்தபோது, வீட்டைச் சுற்றிச் சுற்றி இந்தப் பிளாஸ்டிக் பந்தைத்தான் அடித்தார். அவர் மாஸ்டர்ஸ் பந்தயத்தில் 2012-ல் ஒரு முறை, 2014-ல் ஒரு முறை வெற்றி பெற்றார்.

பந்தைவிடப் பெரிய ஆபத்து மட்டை. அண்ணன் மட்டையை வீசுவான். வேடிக்கை பார்க்கும் தங்கை பின்னால் நிற்பாள். இரும்பு முனை மண்டையில் பட்டால் எலும்பு உடையும். இப்படி அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகள் உண்டு. பெரியவர் ஒருவர் அருகில் இல்லாதபோது மட்டை பரண் மேலே இருக்கட்டும்.

கள்ளக் கணக்கு

கோல்ப் ஆட்டத்தில் ஒவ்வொருவர் பக்கத்திலும் நடுவர் நிற்பதில்லை. எத்தனை அடி அடித்தோம் என்று அவரவரே சொல்ல வேண்டும். 1925-ல் அமெரிக்க ஓபன் பந்தயத்தில் பாபி ஜோன்ஸ் பந்தை அடிக்கத் தயாரானார். பந்து இலேசாக அசைந்தது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆனாலும் ஜோன்ஸ் தன் கணக்கில் ஓர் அடியைத் தானே கூட்டிக் கொண்டார். முடிவில் அவரும் இன்னொருவரும் சமமாக நின்றார்கள். மறு ஆட்டத்தில் ஜோன்ஸ் தோற்றுப் போனார்!

வீட்டிலும் பிள்ளையே எண்ணட்டும். ஐந்து அடித்துவிட்டு நாலு என்று சொன்னால், அடிக்க வேண்டாம். "மறுபடி எண்ணிப் பார், கண்ணு" என்றால் போதும். அப்பா தன் கணக்கில் ஒன்றைக் குறைத்துச் சொல்வாரானால், பிள்ளை அதையும் கவனிக்கும்.

அதைவிட மோசம், பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டுத் திட்டுவது. நாளுக்குக் கால் மணி நேரம் போதும். "இன்னும் ஒரே ஒரு தடவை, அம்மா" என்று பிள்ளை கெஞ்சும்போதே ஜமக்காளத்தைச் சுருட்டிவிட வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், டம்ளர் எங்கே என்று அதுவே சமையல் கட்டில் தேடும்.