பெட்டி முதல், வாட் பிறகு



“கிதார் மூன்று, டிரம் ஒன்று, கூச்சல் கணக்கில்லை” என்று எங்கள் மெட்டல் இசைக் குழுவைப் பற்றி விடுதியில் ஒரு புதுமொழி உலவுவதை நான் அறிவேன். வருத்தமில்லை. அம்மூன்று கிதார்களுள் நான்கே கம்பிகளும் தடித்த குரலும் உடையது, அதாவது பாஸ் கிதார், என் கையில் இருப்பது. அதை இதுவரை எவரும் கேட்டதில்லை என்பதுதான் என் வருத்தம். அந்தக் கூச்சலில் எனக்குப் பங்கில்லை என்று சத்தியமே செய்வேன்!

இது எனக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. உலகமே அறிந்த மெட்டாலிக்கா குழு 1988-ல் வெளியிட்ட ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ இசைத்தட்டிலேயே ஜேசன் நியூஸ்டெட்டின் பாஸ் காதில் விழுவதில்லை என்பது ரசிகர்களின் தீராத புகார். அவருக்கே அந்தக் கதியென்றால் எனக்கு எம்மாத்திரம்?

குறையைத் தீர்க்க நால்வருமாக 40,000 ரூபாய் திரட்டினோம். என் பங்கு 10,000. மூணாற்றுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் என் தாயார் தம் போனசிலிருந்து எடுத்துக் கொடுத்தது அது. “பாட்டுக்குப் பெட்டி எதுக்குடா? துணி வைக்கவா?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். ஆகவே இப்பணம் எனக்கு விளையாட்டுப் பணமன்று. குழுவிலோ இரண்டு கட்சிகள் பிறந்துவிட்டன. “1000 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கு, மிச்சத்தில் கிடைக்கிற ஸ்பீக்கர் பெட்டியை வாங்கு” என்பது மூவர் கட்சி. நல்ல பெட்டியை முதலில் தேர்ந்தெடுப்போம், வாட் பின்னால் வரட்டும் என்பது நான் ஒருவனே உறுப்பினனாயுள்ள எதிர்க்கட்சி. பெரும்பான்மைக்குத் தலைவணங்குவது ஜனநாயகம்தான். ஆனால் பௌதிகம் வாக்கெடுப்புக்குக் கட்டுப்படுவதில்லையே!

வாட் என்பது யாது? ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கருக்கு அனுப்பும் மின்திறன். அது ஒலியன்று. அனுப்பியதில் பெரும்பகுதி ஸ்பீக்கரின் கம்பிச்சுருளிலே வெப்பமாகக் கரைந்து, நூற்றுக்குச் சில பங்கே ஒலியாக வெளிவருகிறது. திறனை இரட்டித்தால் கிடைக்கும் ஆதாயம் 3 டெசிபல். காதுக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குத் திறனைப் பத்து மடங்காக்க வேண்டும். 500-ஐ விட்டு 1000 வாங்குகிறவர் கடைக்காரரை மகிழ்விக்கிறார், அவ்வளவே.

பெட்டியின் கதை வேறு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் ஒரு பெட்டி 94 டெசிபல் தரும், மற்றொன்று 100 தரும். இந்த ஆறு டெசிபல் வேறுபாட்டின் பொருள் என்ன தெரியுமா? முதற்பெட்டி 400 வாட் விழுங்கி எழுப்பும் ஒலியை இரண்டாவது 100 வாட்டிலேயே எழுப்பிவிடும். எங்கள் மூவர் கட்சி இந்த எண்ணைக் கடையில் கேட்கவேயில்லை. விளம்பரத் தாளில் அது பொடி எழுத்தில் இருக்கும். வாட் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்!

பாஸ் கிதாருக்கு மட்டும் ஏன் இத்தனை பாடு? அதன் தாழ்ந்த கம்பி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். மனிதச் செவியோ தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது. ஃபிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்கர் இருவர் 1933-லேயே இதை அளந்து வரைபடமாக்கினர். ஆகவே பாஸ் கேட்க வேண்டுமானால் காற்றை நிறையத் தள்ளியாக வேண்டும். தள்ளுவதற்குப் பரப்பு வேண்டும். சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்குரல், குறைந்த மின்திறனில் பெரிய ஒலி ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடையா; இரண்டைத்தான் தேர்ந்துகொள்ளலாம். இதற்கு ஹாஃப்மனின் இரும்பு விதி என்று பெயர்.

விதியைப் புத்தகத்தில் தேடுவானேன்? பங்குனியில் நெம்மாரா–வல்லங்கி வேலைக்குப் போய் நின்று பாருங்கள். எங்கள் டிரம்காரன் கொழிஞ்சாம்பாறைக்காரன். அவன்தான் என்னை அழைத்துப் போனான். செண்டை ஒன்றின் தோல் சிறியது. ஆனால் பல செண்டைகள் ஒரே கணத்தில் விழும்போது மார்புக்கூடு அதிர்கிறது. முன்வரிசையில் உருட்டுச் செண்டை வித்தை காட்டுகிறது. பின்வரிசையில் வலந்தலைக்காரர்கள் அடிப்படைத் தாளத்தைக் கொட்டிக்கொண்டே நிற்கிறார்கள். அவர்களை எவரும் புகைப்படம் எடுப்பதில்லை. பாஸ் வாசிப்பவனுக்கு அவர்களைக் கண்டால் தன் உறவினரைக் கண்டாற்போல் இருக்கிறது!

ஆம்பெக் கம்பெனியார் 1969-ல் செய்ததும் இதே தந்திரம்தான். 300 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கட்டி, அதற்கு எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் அடுக்கினார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதே ஆண்டு தம் அமெரிக்கப் பயணத்தில் பெரும் அரங்குகளில் அதை முழக்கிற்று. சிறு தோல்கள் பல சேர்ந்து ஒரு பெருந்தோலாயின. மெட்டல் குழுக்கள் இன்றும் அப்பெட்டியைத் தேடுவதன் காரணம் இதுவே. ஆனால் எடை 63 கிலோ. எங்கள் லயத்து வீட்டுப் படிகளில் அதை ஏற்றுவது யார்?

இன்னொன்று. “பாஸ் என்றால் ஆழம், ஆகவே தாழ்சுரக் குமிழை முழுதும் திருப்பு” என்பது எங்கள் குழுவின் மூடநம்பிக்கை. கிதார்க்காரர்களும் கம்பியைத் தளர்த்தித் தாழ இறங்கிவிடுகிறார்கள். டிரம்மின் கால்முரசும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரே பெஞ்சில் நால்வர் இடித்துக்கொண்டால் எவருக்கும் இடமிராது. மோட்டார்ஹெட் குழுவின் லெம்மி, மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் தாழ்சுரத்தையும் உச்சசுரத்தையும் இறக்கிவிட்டு நடுச்சுரத்தை ஏற்றி வைத்தே வாசித்தார். அவரது பாஸ் கேட்கவில்லை என்று சொன்னார் எவருமிலர். அடிப்படை அதிர்வு மங்கினாலும் 82, 123 என்று மேலே எழும் துணையதிர்வுகளைக் கொண்டு மூளையே அடிச்சுரத்தைக் கட்டிக்கொள்கிறது. எனவே நடுச்சுரத்தைத் தெளிவாகப் பேசும் பெட்டியே மெட்டலுக்கு வேண்டும்.

இனி என் அறியாமையையும் சொல்லிவிடுகிறேன். கொழிஞ்சாம்பாறையில் ஒரு பழைய அரிசி ஆலைக் கொட்டகையில்தான் எங்கள் ஒத்திகை. நீளம் எட்டு மீட்டர். நான் பின்சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்பது வழக்கம். என் தாழ்ந்த கம்பி எனக்கே கேட்காது, குமிழைத் திருப்புவேன். நடுவில் உட்கார்ந்திருக்கும் டிரம்காரன் “வயிறு கலங்குதுடா!” என்று கத்துவான். பொறாமையால் சொல்கிறான் என்றே எண்ணியிருந்தேன். ஒருநாள் தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். எட்டு மீட்டர் அறையின் இரண்டாம் நிலையலைக்கு அதிர்வெண் 43. என் கம்பிக்கு அண்டை வீடு. அதன் ஊமைப் புள்ளிகள் சுவர்களிலிருந்து இரண்டிரண்டு மீட்டரில் விழுகின்றன. நடுவிலோ அலை உச்சம்! நிலையலையை இளங்கலையிலேயே படித்துத் தேர்வும் எழுதியவன், அதன் கணுவிலேயே ஆறு மாதம் நின்றிருக்கிறேன். சுவரோடு ஒட்டி நின்றேன், கேட்டது. செலவு, ஒரு காசில்லை.

மூவர் கட்சி இதற்கும் மசியவில்லை. “சத்தம் கூட இருந்தால் என்ன கெட்டுவிடும்?” என்றார்கள். அதற்குப் பதிலை நான் பௌதிகத்திலிருந்து எடுக்கவில்லை. என் தந்தையார் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் எந்திரங்களின் அருகே 26 ஆண்டுகள் நின்றவர். இன்று அம்மா அடுப்படியிலிருந்து அழைத்தால் அவருக்குக் கேட்பதில்லை. ஆள் பேசுவது தெரிகிறது, சொல் தெரிவதில்லை என்கிறார். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகம் வகுத்த எல்லை. மூன்று டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் 15 நிமிடந்தான். எங்கள் ஒத்திகையோ இரண்டு மணி நேரம். அவருக்குக் கூலிக்காகப் போன காதை நான் ஆசைக்காகக் கெடுத்துக்கொள்வதா? மூவரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு டிரம்காரன்தான் எழுந்து, கிதார்க்காரர் இருவரின் குமிழ்களையும் கொஞ்சம் இறக்கினான். அன்றைக்குப் பாஸ் கேட்டது!

முடிவு இது: நான்கு பத்தங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட, 8 ஓம் தடையுள்ள, எடை குறைந்த பழைய பெட்டி ஒன்று, கையில் தூக்கிச் செல்லக்கூடிய ‘கிளாஸ் டி’ ஆம்ப்ளிஃபயர் ஒன்று. அது 4 ஓமில் 500 வாட் தருவது. ஒற்றைப் பெட்டியில் 300 வாட் அளவே தரும். போதும். பின்னாளில் அதே போன்ற இன்னொரு பெட்டியைச் சேர்த்தால் இரண்டும் இணைந்து 4 ஓமாகும். பரப்பும் இரட்டிக்கும், திறனும் ஏறும். மூன்றாவது பெட்டியை மட்டும் சேர்க்கக் கூடாது. ஆம்ப்ளிஃபயர் தாங்கும் எல்லைக்குக் கீழே தடை இறங்கிவிடும்.

விடுமுறையில் மூணாற்றுப் பக்கத்து மாரியம்மன் விழாவில் வாசிக்க அழைப்பு வந்திருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியே பெட்டி ஜீப்பில் போக வேண்டும். 1956-ல் இரண்டு ஊர்களும் கேரளத்தோடு சேர்ந்தாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் எங்கள் வழி இன்றும் தமிழ்நாட்டுக்குள்தான் நுழைந்து வெளியேறுகிறது. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாதென 2000-ஆம் ஆண்டின் விதி சொல்வதால் மாலை ஆறுக்கே தொடங்குகிறோம். அப்பாவை முன்வரிசையில் உட்காரவைக்கப் போவதில்லை. பக்கவாட்டில், சற்றுத் தள்ளி. மன்றத்து நண்பர்கள் வருவதானால் பெட்டியைத் தூக்க இருவர் தேவை. காதில் வைக்கப் பஞ்சு வேண்டாம், நல்ல காதுச்செருகி வாங்கி வாருங்கள்.