தொண்டையில் முள்ளா?

செம்பரம்பாக்கம் ஏரிக் கெண்டையை ருசித்துச் சாப்பிட்டீர்கள். தொண்டையில் ஏதோ உறுத்துகிறது. சோற்று உருண்டையை விழுங்கியும் போகவில்லை. மாதக் கணக்கில் கழுத்திலும் காதிலும் வலி. வீட்டிலோ, "எல்லாம் மனப்பிரமை!" என்கிறார்கள்.

மீன்மேல் பழி போடாதீர்கள், பாவம்! காதுக்குக் கீழே ஊசிபோல் இறங்கும் எலும்பு நம் எல்லோருக்கும் உண்டு. சாதாரணமாக இரண்டரை சென்டிமீட்டர். அது மூன்றுக்கு மேல் நீண்டு நரம்பை உறுத்தினாலும் இந்த அவஸ்தைதான். (நீண்டும் வலியே இல்லாத பாக்கியசாலிகள்தான் அதிகம்!) 1937-ல் அமெரிக்க டாக்டர் வாட் ஈகிள் இதை விவரித்தார், நோய்க்கும் அவர் பெயரே.

தொண்டை டாக்டர் டான்ஸில் குழியை விரலால் அழுத்துவார். "ஐயோ, அதே வலி!" என்பீர்கள். ஸி.டி. ஸ்கான் நீளத்தைக் காட்டிவிடும். மருந்துக்கு அடங்காவிட்டால் ஆபரேஷன். வாய் வழியாக வெட்டினால் வெளியே தழும்பில்லை; கழுத்து வழியென்றால் ரத்தக்குழாய்கள் டாக்டர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.