பழைய அக்கார்டியன் வாங்கப் போறீங்களா? விலை பேசுறதுக்கு முன்னாடி அதோட மூச்சைக் கேளுங்க!

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிற என் நண்பர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பார். போன வருஷம் ஒரு நைட் ஷிஃப்ட் இடைவேளையில் மொபைலை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. "அக்கார்டியன், ஜெர்மன் மேக், நல்ல கண்டிஷன், 18,000 ரூபாய்." கூடவே மூன்று போட்டோ. சிவப்பு நிறம், பளபளக்கும் முத்துப் பூச்சு. பார்த்ததும் மனுஷன் விழுந்துட்டார்.

வார விடுமுறையில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போனார். விற்றவர் நல்ல மனிதர், காபி எல்லாம் கொடுத்திருக்கிறார். "எங்க தாத்தாவோடது சார், எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றார். நண்பர் நான்கு கட்டையை அழுத்திப் பார்த்தார், சத்தம் வந்தது, பணத்தை அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து நிதானமாக வாசித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. துருத்தியை இழுக்கும்போது வரும் சில சுரங்கள், தள்ளும்போது வரவே இல்லை. உள்ளே திறந்து பார்த்தால், யாரோ எப்போதோ பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். சரிசெய்யக் கேட்ட தொகை, வாங்கிய விலையில் கிட்டத்தட்ட பாதி.

இந்தக் கதையில் யாரும் பொய் சொல்லலை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. தெரியாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு விலை முடிவு பண்ணியிருக்கிறார்கள். பழைய அக்கார்டியன் சந்தையின் உண்மையான பிரச்னை மோசடியைவிட இந்த அறியாமைதான் என்பது என் கருத்து. இதைச் சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும்.

அக்கார்டியன் எப்படி வேலை செய்யுது?

1829-ல் வியன்னாவில் சிரில் டெமியன் என்பவர் 'அக்கார்டியன்' என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். அடிப்படை ரொம்ப எளிமை. துருத்தி காற்றைத் தள்ளும்; அந்தக் காற்று மெல்லிய உலோக நாக்கு ஒன்றை அதிர வைக்கும்; அதுதான் சத்தம். இந்த நாக்கைத்தான் ரீட் என்கிறோம். நம்ம ஊர் ஆர்மோனியமும் இதே குடும்பம்தான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. பியானோ அக்கார்டியனில் ஒரு கட்டையை அழுத்தினால், துருத்தியை இழுத்தாலும் தள்ளினாலும் ஒரே சுரம்தான் வரணும். அதற்காக ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு ரீட் இருக்கும், இழுக்க ஒன்று, தள்ள ஒன்று. 41 கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வாய்ஸ் உள்ள பெரிய அக்கார்டியன் என்றால், வலது கைப் பக்கத்தில் மட்டும் 41 × 4 × 2 = 328 ரீட்கள். இடது கைப் பக்கத்துக்குத் தனிக் கணக்கு.

பெரும்பாலான அக்கார்டியன்களில் இந்த ரீட் தகடுகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகால்தான் பொருத்தப்பட்டிருக்கும். காற்று தப்பான பக்கம் போகாமல் இருக்க, சின்னச் சின்ன தோல் பட்டைகள் ஒட்டியிருக்கும். அதாவது வெளியே பார்க்க எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், உள்ளே மெழுகு, தோல், அட்டை, துணி. நாற்பது, ஐம்பது வருஷம் ஆனால் மெழுகு காய்ந்து வெடிக்கும், தோல் சுருளும், ஈரம் பட்டால் ரீட் துருப்பிடிக்கும். இவை எதுவும் போட்டோவில் தெரியாது.

இப்போ யார் இதை வாங்குறாங்க?

ஒரு காலத்தில் இது சினிமாவின் செல்லப்பிள்ளை. 'சங்கம்' (1964) படத்தில் ராஜ் கபூர் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவது நினைவிருக்கலாம். நம் பக்கம் எம்.எஸ்.விஸ்வநாதன் குழுவில் மங்களமூர்த்தியின் அக்கார்டியன், அறுபதுகளின் பாடல்களில் தனியாகவே கேட்கும். சர்ச்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் இடம் பிடித்தது. பிறகு எலக்ட்ரானிக் கீபோர்டு வந்தது. ஒரே பெட்டியில் நூறு சத்தம் கிடைத்தபோது, பத்து கிலோ பெட்டியைத் தோளில் சுமக்க யாருக்குத்தான் ஆசை வரும்?

அப்படி ஓரம் கட்டப்பட்டவைதான் இன்று பரணிலிருந்தும் பீரோ மேலிருந்தும் இறங்கி விற்பனைக்கு வருகின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே விளம்பரம் வந்தால் அன்றைக்கே நேரில் போய்ப் பார்த்துவிடலாம். மதுரைக்காரருக்கோ நெல்லைக்காரருக்கோ அது முடியாது, பார்சலை நம்பித்தான் வாங்கணும். இந்த வசதியை நாம் பயன்படுத்துகிறோமா என்பதுதான் கேள்வி. என் நண்பர் நேரில் போனார், ஆனால் எதைப் பார்க்கணும் என்று தெரியாமல் போனார்.

அப்போ எதைப் பார்க்கணும்?

வாசிக்கத் தெரியணும்னு அவசியமே இல்லை. இந்த ஆறு விஷயம் போதும்.

1. மூச்சு: துருத்தியின் பூட்டுப் பட்டைகளைக் கழற்றுங்கள். எந்தக் கட்டையையும் அழுத்தாமல், ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். துருத்தி சரசரவென்று விரிந்து கீழே இறங்கினால் எங்கேயோ காற்று கசிகிறது. மெல்ல மெல்ல இறங்கினால் நல்லது.

2. இரண்டு திசை: ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக, இழுக்கும்போது ஒரு தடவை, தள்ளும்போது ஒரு தடவை. ஒன்றைக்கூட விடாதீர்கள். என் நண்பர் கோட்டை விட்ட இடம் இதுதான்.

3. இடது பக்கம்: 120 பேஸ் என்றால் ஒரு வரிசைக்கு 20 வீதம் ஆறு வரிசை பட்டன்கள். எல்லாம் அழுத்தினால் உள்ளே போய், விட்டால் திரும்பி வரணும். உள்ளேயே மாட்டிக்கொள்ளும் பட்டன் இருந்தால் கம்பி இணைப்புகளில் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

4. சுருதி: மொபைலில் இலவச டியூனர் ஆப் ஒன்றைப் போட்டு, ஒற்றை ரீட் மட்டும் ஒலிக்கும் ஸ்விட்சை அழுத்திச் சோதியுங்கள். இங்கே ஒரு குழப்பம் வரும். இரண்டு ரீட்களை வேண்டுமென்றே லேசாக விலக்கி, அலை அலையாக ஒலிக்க வைக்கும் 'மியூசெட்' பாணி உண்டு. அது பழுது இல்லை. சில ஐரோப்பிய அக்கார்டியன்கள் 440-க்குச் சற்று மேலே சுருதி வைக்கப்பட்டிருக்கும். தனியாக வாசிக்கப் பிரச்னை இல்லை, கீபோர்டோடு சேர்த்து வாசித்தால் காது கூசும்.

5. வாசனை: பெட்டியைத் திறந்ததும் பூஞ்சை நாற்றம் அடித்தால் ஈரம் புகுந்திருக்கிறது. ரீட் துரு, பூச்சி அரித்த ஃபெல்ட் எல்லாம் கூடவே இருக்கலாம்.

6. உள்ளே ஒரு பார்வை: விற்பவர் சம்மதித்தால் துருத்தியின் ஊசிகளைக் கழற்றி உள்ளே பாருங்கள். மெழுகு இருக்க வேண்டிய இடத்தில் பசையோ சிலிக்கானோ இருந்தால் நமஸ்காரம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். ஒட்டியதைப் பிரித்தெடுப்பது மெழுகு மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

வீட்டுக்குக் கொண்டு வரும்போது?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. தேன்மெழுகு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகும், அதற்கு முன்பே இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அக்கார்டியனை வைத்துவிட்டு நெடுஞ்சாலை ஓட்டலில் நிதானமாகச் சாப்பிட்டு வந்தால், ரீட் தகடுகள் இடம் நகர்ந்திருக்கலாம். வாங்கினால் நேராக வீடு. வீட்டிலும் ஜன்னல் வெயில் படாத இடம்.

எல்லை தாண்டினால் வரி, பில் ஏதாவது உண்டா?

தன் சொந்த உபயோகப் பொருளை விற்கும் தனிநபர், அதை வியாபாரமாகச் செய்யாதவரை, ஜி.எஸ்.டி. வசூலிக்க வேண்டியதில்லை. பயன்படுத்திய சொந்த, வீட்டு உபயோகப் பொருள்களைக் கொண்டு செல்ல இ-வே பில்லும் தேவையில்லை என்று விதியிலேயே விலக்கு இருக்கு. பழைய பொருள்களை வாங்கி விற்கும் பதிவுபெற்ற கடைக்காரர் என்றால் கணக்கு வேறு. அவர் உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்காத பட்சத்தில், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம். அதனால் கடையில் முழு விலைக்கும் வரி சேர்த்துச் சொன்னால், "மார்ஜின் முறையில போடலையா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

வெளிநாட்டு இணையதளத்தில் பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்கிறீர்களா? மூலதனப் பொருள்கள் அல்லாத பழைய பொருள்களை இறக்குமதி செய்வது நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, அதற்கு அனுமதி வாங்கணும். ஆக, ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் பழைய அக்கார்டியன்கள்தான் நம் கையிருப்பு. அதில் ஒன்று பசை போட்டுப் பாழானால், ஒன்று குறைந்தது என்றே அர்த்தம்.

ஏமாந்தால் சட்டம் காப்பாத்துமா?

ஓரளவுக்குத்தான். 1930-ம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்வதன் சாரம், வாங்குபவர்தான் பார்த்து வாங்கணும் என்பது. அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கும்போது விதிவிலக்குகள் உண்டு. பரணைச் சுத்தம் பண்ணும் பேரனிடம் வாங்கும்போது அவை உதவுவது சந்தேகம். அதனால் பேசிய விஷயங்களை மெசேஜில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாக் கட்டையும் இரண்டு பக்கமும் வேலை செய்யுது" என்ற ஒரு வரி, பின்னால் உங்களுக்கு ஆதாரம்.

விற்பவர்களும் உஷார். "நான் ராணுவத்துல இருக்கேன், நேர்ல வர முடியாது, க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். யு.பி.ஐ.-யில் பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். மேலே சொன்ன சட்டத்தின் வருஷமும் இந்த உதவி எண்ணும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான், ஆனால் ஞாபகம் வைக்க வசதி.

"அதுக்கு ஒரு கீபோர்டே வாங்கிடலாமே?"

நியாயமான கேள்விதான். பழகிப் பார்க்க மட்டும் ஆசை என்றால் கீபோர்டே போதும், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் துருத்தியை மெல்ல இழுக்கும்போது சத்தம் மெல்லப் பிறந்து, அழுத்தும்போது பொங்கி வருவது இருக்கே, அது வாசிப்பவர் கையில் இருக்கும் மூச்சு. அது வேண்டும் என்பவர்கள் வாங்கட்டும், ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டு வாங்கட்டும்.

அந்தக் கணக்கு இதுதான்: கேட்கும் விலை + சரிசெய்யும் செலவு = உண்மையான விலை. 18,000 ரூபாய் மலிவா, அதிகமா என்பது இரண்டாவது எண் தெரியாமல் சொல்லவே முடியாது. ரீட் வேலை தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய ஒரு நாள் கூலியைத் தயங்காமல் கொடுங்கள். ஆர்மோனியம் சரிசெய்பவர் என்றால், மெழுகு வைத்த ரீட் பழக்கமா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் உறவு என்றாலும் வேலை வேறு. இந்தக் கைவேலைக்காரர்களுக்கு நாம் கூலி கொடுக்க யோசித்தால், அடுத்த தலைமுறையில் அந்த வேலை தெரிந்தவர் இருக்க மாட்டார். அப்புறம் எல்லா அக்கார்டியனும் கண்ணாடி அலமாரிக்குள் காட்சிப் பொருள்தான்.

விற்பவர்களிடம் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. மூன்று போட்டோவுக்குப் பதிலாக, ஒவ்வொரு கட்டையையும் இழுத்தும் தள்ளியும் காட்டும் ஐந்து நிமிஷ வீடியோ போடுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் விரலால் அழுத்தத் தெரியுமே! பழுது இருந்தால் தெரிந்தே வாங்குவார்கள். நன்றாக இருந்தால் உங்களுக்கே கூடுதல் விலை கிடைக்கும்.

என் நண்பர் கடைசியில் அந்தச் செலவையும் செய்தார். இந்த கிறிஸ்துமஸுக்கு அவர் கீபோர்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. "எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டேன். "அதை மட்டும் கேட்காதே" என்றார்.