சபுர் முடிந்த பிறகு



அரசு ஊழியர் ஒருவர் தாம் ஓய்வு பெறும் நாளை முன்கூட்டியே அறிவார். தமிழக அரசு அந்த வயதை 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியது. தஞ்சைத் தரணியில் கழனியில் இறங்கிப் பாடுபடும் கூலித் தொழிலாளிக்கோ ஓய்வு வயது என்று ஒன்றே இல்லை. நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்தபின், முதியவரை வேலைக்கு அழைப்போர் குறைந்துவிட்டனர். இவ்விருவரிலும் சேராத மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர்தாம் நம் வீட்டுச் சபுராளி.

ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களில் வளைகுடாச் சம்பாத்தியத்தில் எழுந்த வீடுகள்தாம் எத்தனை! இருபத்தைந்து வயதில் பயணப்பட்டவர், ஐம்பத்தைந்தைக் கடந்த பின்னும், "இன்னும் இரண்டு வருஷம்" என்று தள்ளிக்கொண்டே போகிறார். திரும்பும் நாளை அவர் குறிப்பதில்லை. முதலாளியோ, நோயோ குறிக்கிறது. சில வேளை அந்நாட்டுச் சட்டமே குறித்துவிடுகிறது. 2021-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் குவைத், பட்டப்படிப்பு இல்லாத அறுபது வயது வெளிநாட்டவருக்கு வேலை அனுமதியைப் புதுப்பிப்பதை நிறுத்தியது. பிற்பாடு கட்டணம் விதித்து அதைத் தளர்த்தியது என்றாலும், அது நமக்கெல்லாம் ஓர் எச்சரிக்கை.

திரும்பும்போது அவர் கையில் என்ன இருக்கும்? அங்கே அவருக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை ஒன்றுதான். சவூதி சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளமும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளமும் கணக்கிடப்படும். ஒரே நிறுவனத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்தவருக்கு இருபத்தேழரை மாதச் சம்பளம் வரும். அமீரகத்திலோ எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்கு மேல் பணிக்கொடை கிடையாது. அறுபதில் திரும்பியவருக்கு அல்லாஹ் எண்பது வயதுவரை ஆயுளைத் தந்தால், அந்த இருபது ஆண்டுகளையும் இத்தொகையே தாங்கியாக வேண்டும்.

ஆனால் அந்தப் பணம் வருமுன்பே அதற்குச் செலவுகள் காத்திருக்கின்றன. மகளின் திருமணம், அதற்குக் கைக்கூலி, வீட்டுக்கு ஒரு மாடி, மகனுக்கு ஒரு விசா! ஓராண்டில் பணம் கரைந்துவிட, ஒரு காலத்தில் பத்துப் பேருக்குச் சோறு போட்டவர், யாரோ ஒருவர் கடையின் கல்லாவில் கணக்கெழுத உட்காருகிறார். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமும் அவருக்கு உதவாது. 1995-இல் வந்த அத்திட்டம் பத்தாண்டுப் பணியைக் கேட்கிறது. 58 வயதைக் கடந்தபின் சேர வழியில்லை.

அண்டை மாநிலமான கேரளம் 2008-இல் தனிச்சட்டம் இயற்றி, சந்தா செலுத்திவரும் வெளிநாட்டுத் தொழிலாளர்க்கு அறுபது வயதில் ஓய்வூதியம் கிடைக்க வழி செய்தது. நாமும் வீட்டளவிலேனும் ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டாமா?

ஐம்பது வயதிலேயே திரும்பும் ஆண்டைக் குறித்து, மனைவி மக்களிடம் சொல்லிவிடுங்கள். வேலை ஒப்பந்தத்தின் நகலை வீட்டிலும் ஒன்று வையுங்கள். சவூதியில் முதலாளி விலக்கினால் ஒரு வாரத்திலும், தொழிலாளி தாமே விலகினால் இரண்டு வாரத்திலும் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். பத்தாண்டு நிறையுமுன் தாமாக விலகினால் பணிக்கொடை குறைந்துவிடும் என்பதையும் மறவாதீர்கள். கிடைக்கும் தொகையில் ஒரு பகுதியையாவது வட்டியின் பக்கம் போகாமல், வாடகை தரும் கடையாகவோ, குத்தகை நெல் தரும் நிலமாகவோ மாற்றுங்கள். அது முதுமைக்கான கூலி. திருமணச் செலவுக்கான நிதி அன்று.

சகோதரிகளே, மக்களே! கைக்கூலி கேட்பதையும் கொடுப்பதையும் நாம் நிறுத்தினாலே, நம் அத்தாமார்கள் ஐந்தாண்டு முன்னதாக ஊர் திரும்பலாம். அடுத்த முறை அவர் தொலைபேசியில் அழைக்கும்போது, வரும்போது என்ன வாங்கி வரவேண்டும் என்ற பட்டியலை ஒத்திவையுங்கள். "எந்த வருஷம் வந்து எங்களோடு இருக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லாமல் போகலாம். ஆனால் அன்றிரவே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்.