பால்வாடிக்கு நாற்காலி வேண்டாம், ஆள் வேணும்

எங்க ஊர்ல இன்னமும் அதுக்குப் பேரு பால்வாடிதான். போர்டுல ‘குழந்தைகள் மையம்’னு இருக்கும், ஆனா பால்வாடின்னு கேட்டாத்தான் வழி சொல்லுவாங்க. பால் ஊத்துறதால வந்த பேருன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. வடக்கத்திப் பாஷையில ‘பால்’னா குழந்தை, ‘வாடி’ன்னா தோட்டம், அவ்வளவுதான். அங்கன்வாடின்னா முற்றத்துத் தோட்டம். 1945 வாக்கில மகாராஷ்டிராவுல போர்டிங்கிற ஊர்ல தாராபாய் மோடக்னு ஒரு அம்மா, பிள்ளைங்க பள்ளிக்கு வரலைன்னா பள்ளி அவங்க வீட்டு முற்றத்துக்குப் போகட்டும்னு ஆரம்பிச்ச வேலை அது.

ஊருக்கு வர்ற நகரத்து நண்பர்கள் பலபேர், “பால்வாடிக்கு ஏதாவது செய்யணும் சார்”னு கேக்குறாங்க. சுவத்துக்குப் பெயிண்ட், கலர் கலரா பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டிவி. நல்ல மனசுதான், குறை சொல்லலை. ஆனா அங்க குறையுறது நாற்காலி இல்லை. ஆளும் நேரமும்தான்.

பத்து பேரை வெச்சு ஒரு ஏக்கர் நடவு நடுறதுக்கே, நாத்து எடுத்துக் கொடுக்க ஒருத்தர், முடி வீச ஒருத்தர், எல்லாத்தையும் பாக்க ஒருத்தர்னு வேணும். பால்வாடியில ஒரு டீச்சரும் ஒரு உதவியாளரும். 400லேருந்து 800 பேர் வரைக்கும் உள்ள ஊருக்கு ஒரு மையம்ங்கிறது கணக்கு. ரெண்டு வயசுலேருந்து அஞ்சு வயசு வரைக்கும் பிள்ளைங்க மையத்துல. அது போக கைக்குழந்தைங்க, கர்ப்பிணிங்க, பால் கொடுக்கிற தாய்மார். சாப்பாடு, தடுப்பூசிக்கு ஆள் சேக்குறது, எடை, உயரம், சத்துமாவு பாக்கெட், முட்டைக் கணக்கு. நடுவுல கணக்கெடுப்பு, தேர்தல் வேலை. இதெல்லாம் முடிச்சு மிச்ச நேரத்துலதான் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’. அரசு போட்ட பாடத்திட்டத்தோட பேரு அது, நல்ல பேரு. ஆடறதுக்கும் பாடறதுக்கும் யாராவது கூட நிக்கணுமே!

எங்க டீச்சர்கிட்ட இப்ப பக்கத்து ஊர் மையத்துச் சாவியும் இருக்கு. அங்க இருந்தவங்க ஓய்வு பெத்தாங்க, யாரையும் போடலை, ‘கூடுதல் பொறுப்பு’ன்னு இவங்க தலையில விழுந்துச்சு. ஒருநாள் இங்க, ஒருநாள் அங்க. இவங்க அங்க போற நாள்ல உதவியாளர் அம்மா அடுப்பையும் பாக்கணும், பதினெட்டு பிள்ளைங்களையும் பாக்கணும். அடுப்பு ஒரு பக்கம், மூணு வயசுப் பிள்ளை மறுபக்கம்னா எந்தப் பொம்பளைக்கும் கண்ணு அடுப்பு மேலதான் இருக்கும். பாட்டாவது, கதையாவது.

இதைப் பெத்தவங்க பாக்குறாங்க. டவுன்லேருந்து டை கட்டி ஏத்திக்கிட்டுப் போற நர்சரி வேன் தெருமுனையில நிக்குது. இங்கிலீஷ் மோகம்னு நாம கிண்டல் பண்றோம். எனக்கு அப்படித் தெரியலை. அவங்க காசு கொடுத்து வாங்குறது இங்கிலீஷை இல்லை. ‘தினமும் யாரோ ஒருத்தர் பிள்ளை கூட இருப்பாங்க’ங்கிற நிச்சயத்தை. 2019ல பள்ளி வளாகங்கள்ல இருந்த 2381 அங்கன்வாடிகள்ல அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பிச்சப்ப சனம் பிள்ளைங்களைக் கொண்டுவந்து விட்டுச்சு. 2022ல அந்த டீச்சர்களைத் திரும்பத் தொடக்கப் பள்ளி வகுப்புக்கே அனுப்பினப்ப எதிர்ப்பு கிளம்புச்சு, அப்புறம் தற்காலிகமா ஆள் போட்டாங்க. சனம் கேட்டது கட்டடத்தை இல்லை, ஆளைத்தான். வேன்ல ஏறுற பிள்ளை திரும்பி வராது. பதினெட்டு பத்தாகும், பத்து ஆறாகும், அப்புறம் ‘வருகை குறைவு’ன்னு இந்த மையத்தையே பக்கத்து ஊரோட சேத்துடுவாங்க. கூலிக்குப் போற வீட்டுப் பிள்ளைக்கு அப்ப வேனும் இல்லை, பால்வாடியும் இல்லை.

மேற்பார்வையாளர் வருவாங்க. சுமார் இருபத்தஞ்சு மையத்துக்கு ஒருத்தர். பதிவேடு பாப்பாங்க, முட்டை எண்ணுவாங்க, போன்ல ஏத்தியாச்சான்னு கேப்பாங்க. முட்டைக் கணக்கு சரியா இருக்கணும், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா தரையில உக்காந்து அரைமணி நேரம் பிள்ளைங்க என்ன பண்ணுதுங்கன்னு பாத்த மேற்பார்வையாளரை நான் கண்டதில்லை. எதை எண்ணுறமோ அதுதான் நடக்கும். 2025 ஜூலையிலேருந்து சத்துமாவு வாங்க வர்ற தாயோட முகத்தையும் போன்ல காட்டணும்னு வந்திருக்கு. குறுவை நடவு நேரத்துல தாய் வயல்ல நிப்பா, வீட்ல கிழவி இருப்பா, டவர் இருக்காது. டீச்சர் போனைத் தூக்கிக்கிட்டு வேப்பமரத்தடியில நிக்கிறதைப் போறவங்க எல்லாம் வேடிக்கை பாக்குறாங்க.

இத்தனைக்கும் நடுவுல அந்தம்மா செஞ்ச ஒரு காரியம். பகல்ல எடை போடக் கூப்பிட்டா தாய்மார் வர முடியலை. எடை மெஷினைத் தூக்கிக்கிட்டு சாயங்காலம் தெருவுக்கே வந்துட்டாங்க, மாரியம்மன் கோயில் திண்ணைக்கு. பிள்ளையோட அட்டையில பச்சையா, மஞ்சளா, சிவப்பான்னு மாமியாருங்களைக் கூப்பிட்டுக் காட்டுறாங்க. “ஏம்மா, பெத்தவகிட்ட சொல்லலாமே”ன்னு கேட்டேன். “அண்ணே, பகல் சோறு போடுறது ஆயாதானே, அதுகிட்ட சொன்னாத்தான் வேலைக்காகும்”னாங்க. இதை எந்தச் சுற்றறிக்கையும் சொல்லலை. எம்.பி.ஏ. படிச்ச என் மச்சான் மகன்கிட்ட சொன்னேன், “இதுதான் மாமா மேனேஜ்மென்ட்”னான்.

ஆனா டெல்லி கணக்குல இந்தம்மா ‘கௌரவப் பணியாளர்’. 2018ல உயர்த்துனப்ப மத்திய அரசுத் திட்டத் தொகை மாசம் 4500 ரூபா, உதவியாளருக்கு 2250. நம்ம மாநிலத்துல சிறப்பு காலமுறை ஊதியம் கொடுக்கிறதால நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. பணிக்கொடை உண்டுன்னு சொல்றதுக்கே 2022ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு.

1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்ததுலேருந்து நாம சாப்பாட்டுல கெட்டி. முட்டை ஒண்ணு குறைஞ்சா ஊரே கேக்கும். ‘பக்கத்து ஊருக்கு ஏன் டீச்சர் இல்லை’ன்னு கிராம சபையில யாரும் கேட்டு நான் பாத்ததில்லை.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2. இந்த அங்கன்வாடித் திட்டம் 1975ல ஆரம்பிச்சதும் அதே தேதிதான். நாங்க நாலஞ்சு பேர் சேந்து ரெண்டு தீர்மானம் எழுதி வெச்சிருக்கோம். காலிப் பணியிடத்தை நிரப்பணும், நிரப்புற வரைக்கும் உதவியாளருக்கு சமையல்ல கை கொடுக்க ஒரு ஆளாவது போடணும். நாற்காலி வாங்கித் தர நினைச்ச நண்பர்கள் அந்தக் காசை வெச்சுக்குங்க. உங்க சொந்த ஊர்ல எத்தனை மையத்துல டீச்சர் இல்லைன்னு கேட்டு, மாவட்டத் திட்ட அலுவலருக்கு ஒரு மனு போடுங்க. இங்க ஓட்டு இருக்கிறவங்க அன்னிக்கு ஊருக்கு வாங்க, தீர்மானத்துல கையெழுத்து போட ஆள் வேணும்.